‘சிரிங்க’ன்னு சொல்லாம எடுங்க!

உங்க வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்களேன். எல்லாரும் விறைப்பாக நிற்கிறார்கள். பாட்டி வெற்றிலை இடிக்கிற படம், அப்பா பேப்பர் படிச்சபடியே தூங்கின படம் ஒண்ணாவது இருக்கா?

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு. நாடியோடு விழி, நிறம், மொழி எல்லாம் பார்க்க வேண்டும். ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பவரை முகம் காட்டிக் கொடுத்துவிடும். சொல்லாமல் எடுக்கும் ‘கேண்டிட்’ போட்டோவின் ருசியும் அதுதான்.

பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் இதில் மன்னர். கையில் சின்ன லைக்கா கேமரா, ஃபிளாஷை விரும்பமாட்டார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைத் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் அவர்.

எங்கள் சாகுபுரம், ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்களில் விடியற்காலை வெளிச்சமே ஒரு அழகு. கேமராவோ செல்போனோ எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். உடம்புக்கு நடை, மனசுக்குத் தெம்பு. வெயில் ஏறினால் திரும்பிவிடுங்கள். உப்பின் கூச்சம் கண்ணுக்கு ஆகாது.

ஆனால் ஒன்று. பாதம் வெடிக்க உப்பு வாருகிற பெண் நமக்கு வேடிக்கைப் பொருள் அல்ல. திருச்செந்தூர் கடலில் குளிப்பவரும் அப்படியே. அங்கே கேமராவை மூடி வையுங்கள். மற்ற இடங்களில் எடுத்ததும் காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அழித்துவிடுங்கள். சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

முதல் படத்தை வீட்டிலேயே எடுங்கள், அம்மா காபி ஆற்றும்போது. பின்னாளில் அந்த முகத்தைத்தான் தேடுவீங்க!