பிரான்ஸ் கிராமத்து வீடு: விலை மலிவு, கணக்கு வேறு

பிரான்சின் கிராமப்புறங்களில் கட்டில், மேசை, அலமாரியோடு விற்பனைக்கு வரும் பழைய கல் வீடுகள் வெளிநாட்டினரை ஈர்க்கின்றன. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட குரூஸ் போன்ற வட்டாரங்களில் விலையும் குறைவு. வெளிநாட்டவர் வாங்கத் தடையில்லை. ஆனால், விலையோடு செலவு முடிவதில்லை.

பழைய வீட்டுக்குப் பதிவு வரியும் நோட்டரி கட்டணமும் சேர்ந்து விலையில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு வரும். அசையும் தளவாடங்களைப் பட்டியலிட்டு, நியாயமான மதிப்பைத் தனியே காட்டினால் அத்தொகைக்குப் பதிவு வரி கிடையாது. ஆகவே, 'எல்லாம் சேர்த்துத்தான்' என்ற வாய்ப்பேச்சு போதாது. பட்டியல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின், வாங்குபவர் பின்வாங்க 10 நாள் அவகாசம் உண்டு.

கழிவுத் தொட்டி விதிப்படி இல்லையென்றால், வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். முதன்மைக் குடியிருப்புகளுக்கு 2023இல் முற்றாக நீக்கப்பட்ட குடியிருப்பு வரி, இரண்டாம் வீடுகளுக்குத் தொடர்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு வாங்குவதால் அங்கே குடியிருக்கும் உரிமை வந்துவிடாது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா இன்றி ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம். பிரெக்சிட்டுக்குப் பின் பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். எனவே, ஆண்டில் பாதி நாளாவது பூட்டிக் கிடக்கும் வீடு என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.