கல்லாப் பெட்டி மேல் 4 அட்டை எதற்கு?

காந்திபுரம் டவுன் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடை.

காலை 9 மணி. கூட்டம் நெரிகிறது. ஆபீசுக்குப் போகும் ஒரு தம்பி டீ குடித்தார். ஒரு வடையும் தின்றார். செல்லை எடுத்தார். கல்லா மேல் ஒட்டி இருந்த கட்டம் போட்ட அட்டைக்கு நேராகப் பிடித்தார். 27 ரூபாய் போட்டார். கிளம்பினார்.

"தம்பி, நில்லுங்க! காசு வரலீங்களே!"

"போட்டுட்டேனுங்கண்ணா. பாருங்க, பச்சை டிக் விழுந்திருக்குது!"

"பெட்டி சத்தம் போடலீங்களே!"

"பெட்டி சத்தம் போடாட்டி நான் என்னங்க பண்றது?"

5 நிமிடம் இந்த வழக்கு நடந்தது. அதற்குள் உக்கடம் பஸ் போயே போய்விட்டது. தம்பியின் முகம் சுண்டிப் போய்விட்டது. பத்துப் பேர் நடுவில் வடைக்கு ஏமாற்ற வந்தவன் போல நிற்பது என்றால் சும்மாவா?

கடைசியில் கடைக்காரர் தன் செல்லைத் திறந்து பார்த்தார். 27 ரூபாய் சமர்த்தாக உள்ளே உட்கார்ந்து இருந்தது!

நடந்தது இதுதான். கல்லா மேல் 4 கம்பெனி அட்டை இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி 2 கம்பெனிக்குத்தான் இருக்கிறது. தம்பி பிடித்தது மூன்றாவது கம்பெனி அட்டை. அந்த அட்டைக்கு வந்த பணத்தை மற்ற கம்பெனிப் பெட்டி எப்படி அறிவிக்கும்? வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, 4 அட்டை எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஆப் வச்சிருக்காங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க அட்டை வேணுமில்லீங்களா?" என்றார்.

இதுதான் தப்பு! வேண்டியதே இல்லை!

ஒன்றே போதும்!

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி... எங்கே போனாலும் கடைக்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கூகுள் பே வைத்து இருப்பவர் போன் பே அட்டைக்குப் பணம் போடலாம். பேடிஎம் வைத்து இருப்பவர் கூகுள் பே அட்டைக்குப் போடலாம். பாங்கியின் சொந்த ஆப்பில் இருந்தும் போடலாம். யு.பி.ஐ. அட்டை என்றால் எல்லாம் ஒன்றுதான். கலர்தான் வேறு வேறு.

நம்முடைய பேச்சும் குழப்பத்துக்கு ஒரு காரணம். "ஜி.பே இருக்குங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கையில் இருப்பது வேறு கம்பெனி ஆப்பாக இருக்கும். வாயில் வருவது ஜி.பே! கடைக்காரர் என்ன செய்வார்? அந்தப் பெயர் போட்ட அட்டையைத் தேடுகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. முன்னொரு காலத்தில் அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் மோடி அறிவித்தார். மறுநாளில் இருந்து சில்லறைக்குத் திண்டாட்டம். வாலட் கம்பெனிகள் கடை கடையாக ஏறி அட்டை ஒட்டின. அன்றைக்கு ஒரு கம்பெனி வாலட் அட்டைக்கு அதே கம்பெனி ஆப்பில்தான் பணம் போட முடியும். வாடிக்கையாளரிடம் வேறு ஆப் இருந்தால் சரக்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அப்போது 4 அட்டை வைத்தது புத்திசாலித்தனம்.

யு.பி.ஐ. முறை அதே வருடம் ஏப்ரலில் வந்தது. எந்த பாங்கியில் இருந்தும் எந்த பாங்கிக்கும், எந்த ஆப்பில் இருந்தும் பணம் அனுப்பலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனாலும் தனி அட்டைகள் போகவில்லை. 2020 அக்டோபர் 22-ந் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு உத்தரவு போட்டது. "இனி புதிதாக யாரும் தனி அட்டை கொண்டுவரக் கூடாது. ஏற்கனவே தனி அட்டை வைத்து இருப்பவர்கள் 2022 மார்ச் 31-ந் தேதிக்குள் பொது அட்டைக்கு மாறவேண்டும்" என்பதுதான் உத்தரவின் சாரம்.

போட்டிக் கம்பெனிகள் தாங்களாக மனம் இரங்கி மாறவில்லை. கெடு வைத்ததால் மாறினார்கள்! பலன் என்ன? 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யு.பி.ஐ.யில் 2 ஆயிரம் கோடி தடவைக்கு மேல் பணம் கைமாறி இருக்கிறது.

இந்தக் கட்டம் பிறந்த கதையைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1994-ல் ஜப்பானில் டென்சோ கம்பெனி இதைக் கண்டுபிடித்தது. எதற்கு? டீக்கடைக்கு அல்ல. கார் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க! பேடன்ட் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் தரப்படி உபயோகிப்பவர்களிடம் அந்த உரிமையைக் காட்டிக் காசு கேட்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அது உலகம் முழுவதும் பரவியது.

பெட்டி மட்டும் ஊமையா?

அட்டையை ஒன்று ஆக்கியாகிவிட்டது. ஸ்பீக்கர் பெட்டியை விட்டுவிட்டார்கள்!

ஒவ்வொரு கம்பெனிப் பெட்டியும் அதன் அட்டைக்கு வந்த பணத்துக்குத்தான் குரல் கொடுக்கிறது. அதனால் 2 பெட்டி, 2 மாத வாடகை. காய்கறிக் கடையில், பூக்கடையில் நிற்பவருக்கு மாத வாடகை என்பது சின்ன விஷயம் அல்ல. ஒரு நாள் லாபத்தில் ஒரு பிடி போய்விடும்.

பெட்டி கொடுக்க வரும் பையன்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்கு தினமும் இத்தனை கடை என்று கணக்கு. "எங்க அட்டையிலே வியாபாரம் நடந்தா கடன் கிடைக்குமுங்க" என்கிறார்கள். கிடைக்கலாம். ஆனால் கடன் வேண்டாத கடைக்காரரும் மூன்று வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒரு கம்பெனி சர்வர் படுத்துட்டா என்னங்க பண்றது?" என்று ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது அட்டையை மேஜை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எடுங்கள். கல்லா மேல் ஒன்று இருந்தால் போதும்.

அதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. கடைக்காரர் அட்டை மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போய் பணத்தைச் சுருட்டிய மோசடி நாட்டில் பல ஊர்களில் நடந்து இருக்கிறது. 4 அட்டை இருக்கும் இடத்தில் ஐந்தாவது அட்டை வந்தால் யாருக்குத் தெரியும்? ஒன்றே ஒன்று இருந்தால் உடனே தெரியும்.

கடையில் எந்தப் பெட்டி இருந்தாலும், எந்த அட்டைக்குப் பணம் வந்தாலும் அது சொல்லவேண்டும். ரிசர்வ் பாங்கி மறுபடியும் ஒரு கெடு வைத்தால் என்ன?

6204 கொடுங்க!

முடியுமா என்று கேட்பவர்களை ஒரு பேரிங் கடைக்குக் கூட்டிப்போகலாம்.

நம் ஊர் மோட்டார் பட்டறைக்காரர் கடையில் போய் "6204 ஒண்ணு கொடுங்க" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. உள் துளை 20 மில்லி மீட்டர். வெளி வட்டம் 47. அகலம் 14. கம்பெனி எதுவாக இருந்தாலும் இதே அளவு. மோட்டார் கணபதியில் செய்ததா, வெளிநாட்டில் செய்ததா என்று பேரிங் கேட்பது இல்லை. தட்டி ஏற்றினால் உட்காரும்.

பேரிங் கம்பெனிகளுக்குள் போட்டி இல்லையா? நன்றாக இருக்கிறது! உழைக்குமா, சத்தம் இல்லாமல் ஓடுமா, விலை என்ன என்று போட்டி போடுகிறார்கள். "என் பேரிங் அவன் மோட்டாரில் ஏறாது" என்று போட்டி போடுவது இல்லை. தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் பொழுது சாய்வதற்குள் ஓட வைக்க முடிகிறது என்றால் இந்த நம்பர்தான் காரணம். பம்புசெட் ஊரில் பிறந்தவனுக்கு செல்போன் கம்பெனிகளின் அழிச்சாட்டியம் புரியாமல் போவது இதனால்தான்.

சார்ஜர் கூத்தை நினைத்துப் பாருங்கள். நோக்கியா ஒரே கம்பெனி. அதிலேயே தடித்த பின், சன்ன பின் என்று இரண்டு! சாம்சங்குக்கு ஒன்று. சோனி எரிக்சனுக்கு ஒன்று. வெளியூர் போனால் பத்து வால் வைத்த சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொண்டு போவோம். அதில் ஒன்பது வால் தண்டம்.

2009-ல் ஐரோப்பாவில் கம்பெனிகள் ஒரே மாதிரி ஓட்டை வைக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டன. ஆப்பிளும் கையெழுத்துப் போட்டது. ஆனால் 2012-ல் லைட்னிங் என்று தனி ஓட்டை வைத்தது! 2022-ல் ஐரோப்பா சட்டமே கொண்டுவந்தது. 2024 டிசம்பர் 28-ந் தேதி முதல் அங்கே விற்கும் புது செல்போனில் 'சி டைப்' ஓட்டைதான் இருக்கவேண்டும் என்று கெடு. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன்-15-ல் 'சி டைப்' வந்துவிட்டது. நம் நாட்டில் இந்திய தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் இதற்கு இந்திய தரத்தை வெளியிட்டது.

ஓட்டை ஒன்று ஆகிவிட்டது. வேகம் ஒன்று ஆகவில்லை! ஒப்போவுக்கு 'வூக்', குவால்காமுக்கு 'குவிக் சார்ஜ்' என்று ஆளுக்கு ஒரு முறை. ஒரு கம்பெனி சார்ஜரை இன்னொரு கம்பெனி செல்லில் செருகினால் சார்ஜ் ஏறும். ஆனால் மாட்டு வண்டி வேகத்தில் ஏறும். கிராஸ்கட் ரோட்டில் சார்ஜர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜர் மேல் 'பி.டி.' என்று எழுதி இருக்கிறதா? அது பொது முறை. உங்கள் செல்லும் அதை ஏற்குமா என்று அட்டைப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரி என்றால் அடுத்த செல்லுக்கும் அது உதவும்.

ஒரே மாவட்டம், இரண்டு பிளக்!

எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இதே கதைதான். ஏத்தர் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. ஓலா தொழிற்சாலை போச்சம்பள்ளியில் இருக்கிறது. இரண்டும் கிருஷ்ணகிரி மாவட்டம்! வேக சார்ஜர் பிளக்கோ வேறு வேறாக வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு கிணறு வெட்டியது போல!

ஏத்தர் தன் பிளக்கை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் திறந்துவிட்டது. ஹீரோவின் 'விடா' அதையே எடுத்துக்கொண்டது. 2023-ல் தர நிர்ணய அமைவனம் அதை இந்திய தரமாக ஏற்றுக்கொண்டது. வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜைக் கேட்பதோடு பிளக்கையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. தாத்தா காலத்து 3 பின் பிளக் இருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டிக்கும் அதுதான் கஞ்சி ஊற்றுகிறது!

கிளார்க்குகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்தத் தலைவலி முன்னாலேயே தெரியும். ஒரு ஆபீசில் வானவில் எழுத்தில் அடித்த கடிதம். இன்னொரு ஆபீசில் பாமினி. திறந்து பார்த்தால் ஜிலேபி பிழிந்தது போல இருக்கும்! அதைத் தீர்க்க வழி பிறந்தது நம் ஊரில்தான். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. தமிழ் இணைய மாநாடும் அதோடு நடந்தது. அந்தச் சமயத்தில்தான் யூனிகோடு முறையை தமிழ்நாடு அரசு பொதுத் தரமாக அறிவித்தது. இன்றைக்கு வாட்ஸ்-அப்பில் நீங்கள் அனுப்பும் தமிழ் எந்த செல்லிலும் தமிழாகவே தெரிகிறது என்றால் அந்த யூனிகோடுதான் காரணம். பழைய கோப்பு மட்டும் இன்னும் பழைய எழுத்தில் கிடக்கிறது. மாற்றித் தரும் சாப்ட்வேர் இருக்கிறது. மாற்றி வைத்துவிடுங்கள், ரிட்டையர் ஆவதற்குள்!

டீக்கடைக்கு மறுநாளும் போனேன்.

அந்தத் தம்பியும் வந்து இருந்தார். "வாங்க தம்பி, நேத்து கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு டீ என்ற கணக்குங்க" என்றார் கடைக்காரர். தம்பி சிரித்தார். காசு போடாமல் குடிக்கவில்லை. இருந்த ஒரே பெட்டி சத்தமாக அறிவித்தது.

கல்லா மேல் பார்த்தேன். 2 அட்டை போய்விட்டது. ஆனாலும் 2 அட்டை மிச்சம் இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே அண்ணா?" என்றேன்.

"அதை எடுக்க முடியாதுங்க. அதுக்கு அடியிலே கண்ணாடி விரிசல் விட்டிருக்குதுங்க!"