வினைத்திட்பமும் யப்பானியப் போர்வீரரும்

கீழ்க்கரையில் வாழும் நமக்கு யப்பானியர் நடத்திய போர் தொலைதேசத்துச் செய்தி அன்று. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9 ஆந் திகதி வியாழக்கிழமை காலை அவர்தம் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முன்னிரவிலே துறைமுகத்தை விட்டகன்று, கதிரவெளிக் கரைக்கப்பால் தெற்கு நோக்கிச் சென்ற ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அன்று முற்பகல் மட்டக்களப்புக்கு அண்மையில் அவர் கண்ணிற் பட்டது. விமானந்தாங்கி என்பது பெயரளவே. அவ்வேளை அதன் தளத்திலே போர் செய்யத்தக்க விமானம் ஒன்றேனும் இருந்ததில்லை. சிறிது நேரத்துள் அது மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த வாம்பயர் என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் உடன் மூழ்கிற்று. வீட்டா என்னும் வைத்தியக் கப்பல் அருகே இருந்தமையால் அறுநூறு பேரளவில் உயிர் தப்பினர். ஹேர்மிஸ் இன்றும் நமது கடலின் அடியிலேதான் கிடக்கின்றது.

ஆயினும் நம் ஊர்களில் ஹேர்மிஸைப் பற்றிப் பேசுவோர் சிலரே. எல்லோரும் பேசுவது சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கியைப் பற்றியே. அன்று யப்பானிய விமானம் ஒன்று அத்தாங்கிகளுள் ஒன்றின்மீது வீழ்ந்தது, தாங்கி எரிந்து உருகிற்று, விமானத்திலிருந்தோர் மாண்டனர். தீ ஏழு நாள் எரிந்ததென்பர் முதியோர். உருகிச் சுருண்ட இரும்பை இன்றும் காணலாம். விமானி தன் உயிரைத் துரும்பென மதித்து வேண்டுமென்றே மோதினான் என்று கதை வளர்ந்துள்ளது. யப்பானியப் படையிலே தற்கொலைத் தாக்குதல் ஒரு போர்முறையாக வகுக்கப்பட்டது 1944 ஒக்டோபரிலேதான் என்பதை, அஃதாவது சீனன்குடா நிகழ்ச்சிக்கு இரண்டரை ஆண்டுகளின் பின்னர் என்பதை, கதை சொல்வோர் எண்ணுவதில்லை.

கதை எப்படியும் ஆகுக. அதனைக் கொண்டு நம் மாணாக்கருக்கு என்ன கற்பிக்கின்றோம் என்பதே எமது கேள்வி. பேச்சுப் போட்டி மேடைகளிலே “யப்பானியரைப் பாருங்கள், அவர்தம் உறுதியைப் பாருங்கள்” என்ற முழக்கம் ஆண்டுதோறும் எழுகின்றது. சிறுவர் அதனை மனனஞ் செய்து முழங்குகின்றனர். நடுவர்கள், நாமும் அவருள் ஒருவரே, புள்ளி வழங்குகின்றோம். இக்கதையிலே பாதியே சொல்லப்படுகின்றது என்பது எமது கருத்து. மற்றைப் பாதியைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

யப்பானியப் போர்வீரர் அஞ்சாநெஞ்சினர் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அஞ்சாமை அவருக்கு மட்டும் உரிய சொத்து அன்று. அதே ஏப்பிரல் 9 ஆந் திகதி, காவல் விமானம் ஒன்றுமின்றி ஒன்பது பிளெனிம் விமானங்கள் யப்பானியக் கப்பற்படையைத் தேடிச் சென்று தாக்கின. அவற்றுள் ஐந்து அழிந்தன. இவர்களைப் பற்றி நம் மேடைகளில் ஒரு சொல்லும் கேட்டதில்லை. வெள்ளையர் படையில் இருந்தோர் என்பதனாற் போலும்!

அத்தகைய உறுதி யப்பானியருக்கு எங்கிருந்து வந்தது? குருதியிலிருந்து வந்தது என்பார் உளர். அது பேதைமை. அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. 1890 இல் பேரரசரின் பெயரால் வெளியான கல்விப் பிரகடனம் பாடசாலைகள்தோறும் பயபக்தியோடு வாசிக்கப்பட்டது. அரசனுக்காக உயிர் துறத்தலே மேலான கடமை என்று இளமையிலேயே ஊட்டப்பட்டது. 1941 சனவரியிலே தோஜோ என்னும் படைத்துறை அமைச்சரின் பெயரால் போர்வீரர் ஒழுக்க நூல் ஒன்று வெளிவந்தது. உயிரோடு சிறைப்படும் இழிவை ஏற்றல் ஆகாது என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று.

தமிழ் கற்றோருக்கு இவ்விடத்திலே சேரமான் கணைக்கால் இரும்பொறை நினைவுக்கு வருவான். சோழன் செங்கணானது சிறையிலே நீர் வேண்டிப் பெறுதலை இழிவெனக் கருதி, அந்நீரைப் பருகாது உயிர்நீத்தான் அவன். நமது மானமும் யப்பானியரின் மானமும் ஒன்றே அன்றோ என்று கேட்கத் தோன்றும். ஒன்று அன்று. சேரமான் தன் உயிரைத் தானே துறந்தான். ஏனையோரும் அவ்வாறே சாக என்று ஆணை எழுதிவைத்தான் அல்லன். தோஜோவின் செய்தியோ வேறு. போர் முடிந்தபின், 1945 செப்தெம்பரிலே அமெரிக்கர் அவரைச் சிறைசெய்ய வந்தபோது அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்; குண்டு இலக்குத் தவறிற்று. பகைவரின் வைத்தியரே அவரைப் பிழைப்பித்தனர். விசாரணையின் பின் 1948 டிசம்பர் 23 ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார். சிறைப்படாதே என்று இலட்சக்கணக்கான இளைஞருக்குக் கட்டளையிட்டவர் மூன்று ஆண்டு சிறையிலிருந்தார். இதனை எள்ளி நகையாடுவதற்காகக் கூறினேம் அல்லேம். கட்டளையிடுவோனும் கட்டளைக்கு ஆளானோனும் ஒரே நிறுவையில் நிற்பதில்லை என்பதைக் காட்டவே கூறினேம்.

கல்லூரி மலர் ஒன்றில் எழுதுகின்றமையின், மாணவர் பட்டதைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். போரின் தொடக்கத்தில் யப்பானியப் பல்கலைக்கழக மாணவருக்குப் படைச்சேவையிலிருந்து தவணை வழங்கப்பட்டிருந்தது. 1943 இல் கலை, சட்டம் முதலியன பயின்றோருக்கு அது நீக்கப்பட்டது. ஒக்டோபர் 21 ஆந் திகதி தோக்கியோ நகரிலே, கொட்டும் மழையிலே, சீருடையோடு துப்பாக்கி தாங்கி அம்மாணவர் அணிவகுத்துச் சென்றனர். பெண்கள் கூட்டங் கூட்டமாக நின்று வழியனுப்பினர். பின்னர் தற்கொலை விமானங்களிலே ஏற்றப்பட்ட அதிகாரிகளுட் பலர் இவ்வாறு நூலை மூடிவிட்டு வந்தவரே. இலக்கியமும் மெய்யியலும் பயின்ற அவர்கள் இறுதி நாட்களில் எழுதிய கடிதங்கள் போரின் பின் நூலாக வெளிவந்துள்ளன. அவற்றிலே வெற்றி முழக்கத்தைத் தேடுவோர் ஏமாறுவர். ஐயமும் துயரமும் தாயின் நினைவுமே அவற்றுட் பெரிதும் காணப்படுவன.

ஒக்கினாவாத் தீவின் கதை இதனினும் கொடிது. 1945 மார்ச் மாத இறுதியில், இரு பெண் பாடசாலைகளைச் சேர்ந்த 222 மாணவியரும் 18 ஆசிரியரும் படை வைத்தியசாலையில் தொண்டு செய்ய அழைத்துச் செல்லப்பட்டனர். கிமெயூரி மாணவியர் என்று அவர்களை வரலாறு அறியும். போர் சில நாட்களில் முடிந்துவிடும் என்று நம்பிப் பாடநூல்களையும் உடன் எடுத்துச் சென்றனராம். வைத்தியசாலை என்பது மலையிலே குடைந்த இருட்குகை. அங்கே புண்ணைக் கழுவுவதும், வெட்டப்பட்ட கைகால்களை அகற்றுவதும், குண்டுமழையினூடே நீர் முகந்து வருவதும் அவர்களின் பணி. யூன் 18 ஆந் திகதி படையினர் அவர்களை நோக்கி, இனி உங்கள் அணி கலைக்கப்பட்டது, விரும்பியவாறு செல்லலாம் என்றனர். நாற்புறமும் போர். எங்கே செல்வர்? 240 பேருள் 136 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மாண்டது அக்கட்டளைக்குப் பின்வந்த சில நாட்களிலேயே. சரணடையலாம் என்று அவர்களுக்கு ஒருவரும் கற்பித்ததில்லை. சரணடைந்தால் பகைவர் சிதைத்துக் கொல்வர் என்பதே கற்பிக்கப்பட்டிருந்தது. கைக்குண்டை வெடித்து மாய்ந்தோரும் உளர். மாண்டோருள் ஆசிரியர் 13 பேர். ஆசிரிய கலாசாலையிலே பயின்று தராதரப்பத்திரம் பெற்றுப் பிள்ளைகள் முன் நிற்கும் எவரும் இவ்வெண்ணைக் கடந்து எளிதிற் செல்லுதல் இயலாது. உயிர் பிழைத்த மாணவியர் 1989 இல் அவ்விடத்திலே ஒரு காட்சிச்சாலை நிறுவி, தாம் கண்டதை இளையோருக்கு நெடுங்காலம் எடுத்துரைத்தனர்.

இவை யப்பானியர் தம் மக்களுக்கே இழைத்தவை. பிறர் பட்டது இன்னும் பெரிது. நம்மினத்தோர் அறியவேண்டியது சீயம் பர்மா இருப்புப்பாதை. பர்மாவிலிருந்த படைக்குத் தளவாடம் அனுப்ப 415 கிலோமீற்றர் நீளமான பாதையை மலையுங் காடுமான நிலத்தினூடே 1942 இல் யப்பானியர் தொடங்கினர். முன்னர் பிரித்தானியர் ஆராய்ந்து, மிகக் கடினமெனக் கைவிட்ட வழி அது. யப்பானியப் பொறியியலாளர் ஓராண்டு சொச்சத்தில், 1943 ஒக்டோபர் 17 ஆந் திகதி, இரு முனைகளையும் இணைத்துவிட்டனர். உறுதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆனால் மண்ணைச் சுமந்தோர் யார்? போர்க்கைதிகள் அறுபதினாயிரம் பேரளவில். அவருள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவரினும் பன்மடங்கினர். அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று கூறி அழைக்கப்பட்டோர் பலர். லொறிகளில் வலிந்து ஏற்றப்பட்டோரும் பலர். மழைக்காலத்திலே வாந்திபேதி பரவியபோது வேலை நிறுத்தப்படவில்லை; விரைவுபடுத்தப்பட்டது. மாண்ட ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் வரையில் என மதிப்பிடுவர். காஞ்சனபுரியிலே வெள்ளைக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. தமிழருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. எட்டுப் பதிற்றாண்டுகள் கழிந்து, 2023 இலேதான் அந்நகரில் அவர்கள் நினைவாக நடுகல் ஒன்று எடுக்கப்பட்டது. போர்க்களத்தில் வீழ்ந்த மறவனுக்கு நம் முன்னோர் நாட்டிய நடுகல், மண்வெட்டி பிடித்து மடிந்த தோட்டத் தொழிலாளிக்கு நாட்டப்பட்டமை பொருத்தமே என்போம்.

இனி ஒனோடா என்பாரின் கதை. மேடைப்பேச்சுக்களில் இவரும் அடிக்கடி தோன்றுவதுண்டு. 1944 டிசம்பரிலே பிலிப்பைன்ஸ் நாட்டின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்ட இவ்விளம் அதிகாரி, போர் முடிந்ததென்று வானிலிருந்து வீசப்பட்ட துண்டுப்பிரசுரங்களைப் பகைவரின் சூழ்ச்சியெனத் தள்ளி, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டு காட்டிலே மறைந்து வாழ்ந்தார். 1974 மார்ச்சிலே, அவருக்கு மேலதிகாரியாக இருந்து அப்போது புத்தக வியாபாரியாகிவிட்ட ஒருவர் நேரிற் சென்று கட்டளையை வாசித்த பின்னரே துப்பாக்கியை ஒப்படைத்தார். வியக்கத்தக்க உறுதிதான். ஆனால் அந்த ஆண்டுகளிலே அவரும் அவர் தோழரும் முப்பது பேரளவிலான தீவுவாசிகளைக் கொன்றனர். முடிந்துபோன ஒரு போருக்காக, வயலிலே நின்ற உழவர் மாண்டனர். பிலிப்பைன்ஸ் அரசு ஒனோடாவுக்கு மன்னிப்பு வழங்கிற்று. அவர் தாயகம் திரும்பியபோது மாபெரும் வரவேற்பு. மாண்ட உழவரின் மனைவியருக்கு மாலையிட்டவர் எவருமிலர்.

போரின் பின் யப்பான் சாம்பலினின்று எழுந்ததும் அவ்வுறுதியினாலன்றோ என்பார்க்கு ஒரு சொல். எழுந்தது உண்மை. ஆனால் அது எழுந்தது 1945 ஆகத்து 15 ஆந் திகதி, போரை நிறுத்துகின்றோம் என்று பேரரசர் வானொலியிலே அறிவித்த பிறகு. போரைத் துறக்கும் அரசியலமைப்பை 1947 இல் அது மேற்கொண்டது. 1951 இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டிலே, யப்பானிடம் இழப்பீடு வேண்டோம் என்று இலங்கையின் சார்பிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா உரைத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. பின்வாங்கக் கற்றுக்கொண்டபின் எழுந்த நாட்டை, பின்வாங்காமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

வள்ளுவர் ‘வினைத்திட்பம்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார், அது அறுபத்தேழாவது. அதற்கு முன்னே, அறுபத்தாறாவதாக, ‘வினைத்தூய்மை’யை வைத்தார். இம்முறைவைப்பை உரையாசிரியர் வழியிலே ஊன்றி நோக்கவேண்டும். செய்யுஞ் செயல் தூயதோ என்று உசாவிய பின்னரே அதிலே திட்பமாக நில் என்பது பொருள். நம் மேடைகளோ அறுபத்தாறைத் தாவி அறுபத்தேழிலே ஏறிவிடுகின்றன. உறுதியைப் புகழ்வதற்கு முன் மூன்று வினா எழுப்புமாறு எம் மாணாக்கரிடம் கூறிவருகின்றோம்: எதற்காக இவ்வுறுதி? இதன் விலையைக் கொடுப்பவர் யார்? போதும், திரும்பி வா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கேனும் உண்டா? மூன்றாவதுதான் கடினமானது. ஒனோடாவுக்கு அவ்வொரு சொல் கிடைக்க இருபத்தொன்பது ஆண்டு சென்றது. கிமெயூரி மாணவியருக்கு அது கிடைத்த நேரம் எதற்கும் பயன்படா நேரம்.

கதிரவெளியில் இருந்துகொண்டு இவற்றை வெறும் வரலாறாக எழுதுதல் எமக்கு இயலாது. எமது மண்ணிலும் இருதிறத்தாரும் உறுதி, உறுதி என்றே பேசிய காலம் ஒன்றிருந்தது. 2006 நவம்பர் 8 ஆந் திகதி இவ்வூர்ப் பாடசாலையிலே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூதூர்ப் புறத்திலிருந்து பாயும் பானையுமாக ஓடிவந்த ஏழைகள் அவர்கள். எந்தச் சபதத்தையும் எடுத்தவர் அல்லர். இங்கே இன்று படிக்கும் பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களிடம் யப்பானிய விமானியின் கதையைக் கூறும்போது நாவை அடக்கிக் கூறவேண்டியிருக்கின்றது.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிவரும் பேச்சுப் போட்டிக்கு ‘யப்பானியர் உறுதி’ என்று தலைப்பிடுவதாயின், ‘அதன் விளைவுகள்’ என்பதையும் உடன் சேருங்கள். திருகோணமலைக்கு மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்வோர் உருகிய எண்ணெய்த் தாங்கியைக் காட்டியதோடு திரும்பிவிடாமல், நிலாவெளி வீதியிலுள்ள போர்வீரர் மயானத்துக்கும் சென்று வருக. கல்லிலே பொறித்த வயதுகளைப் பிள்ளைகள் தாமே வாசிக்கட்டும். திரும்பும் வழியிலே, வெருகல் பாலத்தைக் கடந்ததும் எமது பாடசாலையிலும் சற்று இறங்குங்கள், தேநீர் தருவோம்.