உயிரோடிருந்தவர்களையே எண்ணாதவர்கள்

இலங்கைப் போர்க் குற்றங்களுக்குச் சான்று திரட்டும் பணியை மேலும் இரண்டாண்டுக்கு நீட்டித்து, 2025 அக்டோபர் 6 அன்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. கொழும்பு வழக்கம்போல உள்நாட்டு விசாரணையே போதும் என்கிறது. ஆட்சி மாறியிருக்கிறது, பாட்டு மாறவில்லை.

ஒரு கணக்கை மட்டும் பார்ப்போம். 2008 அக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களின் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து, 2009 ஜூலையில் ஐ.நா. கணக்குப்படி அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் இதைத்தான் கேட்டார். இரண்டு எண்ணும் புலிகள் சொன்னவை அல்ல. அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

இதைவிடக் கொடிய கணக்கும் உண்டு. 2009 தொடக்கத்தில், போர்ப் பகுதியில் இருப்பது சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. கடைசியில் வெளியே வந்தவர்கள் அதைப்போல நான்கு மடங்கு. நம் ஊர் மலைக் கிராமத்தில்கூட ஆள் கணக்குப் பார்த்துத்தான் ரேஷன் அரிசி ஏறும். வன்னியில் தலைக்கணக்கைக் குறைத்தார்கள்; உணவும் மருந்தும் குறைந்தன. அங்கே பட்டினியும் ஓர் ஆயுதம்.

புலிகள் மக்களைக் கேடயமாக்கவில்லையா என்பார்கள். மக்களை வெளியேற விடாமல் அரணாக வைத்திருந்தார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழுவே சொன்னது. அதற்காக, தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்தின் மீதும் மருத்துவமனைகள் மீதும் ஓர் அரசு குண்டு வீசலாமா? இந்த வாதத்தோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

உள்நாட்டு நீதியின் லட்சணம் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் தெரிந்தது. 2000-இல் அங்கே ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அதற்காக ராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015-இல் மரண தண்டனை கிடைத்தது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச பொதுமன்னிப்பு அளித்து அனுப்பிவிட்டார். அதே யாழ்ப்பாணத்தின் செம்மணிப் புதைகுழியில் 1999-இல் தோண்டியபோது 15 உடல்கள். 2025-இல் மறுபடி தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் எந்த உள்நாட்டு விசாரணை இவற்றைத் தேடியது?

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இந்தியா 2012, 2013-இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2014, 2021, 2022-இல் ஒதுங்கிக்கொண்டது. அந்த ஒதுங்கல்தான் கொழும்புக்குத் துணிச்சல் தந்தது. உயிரோடிருந்தவர்களையே சரியாக எண்ணாத அரசிடம் இறந்தவர்களை எண்ணும் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. சர்வதேச நீதிமன்ற விசாரணை ஒன்றே வழி. டெல்லி அதை வெளிப்படையாகக் கோர வேண்டும்; தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கோர வைக்க வேண்டும்.