பட்டா எதுவரைக்கும்?

எங்க ஊர்ப் பக்கம் நிலப் பத்திரம் பார்த்திருக்கிறீர்களா? வடக்கே ஓடை, கிழக்கே இன்னார் புஞ்சை என்று நாலு எல்லையும் இருக்கும். கீழே எதுவரைக்கும் என்று மட்டும் இருக்காது. அந்தக் கேள்வி சீக்கிரம் நம் தலையில் வந்து விழப்போகிறது மக்களே.

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு மட்டுமல்ல, சிமெண்டும் உண்டு. ஆர்.ஆர்.நகர், ஆலங்குளம் ஆலைகள் எல்லோருக்கும் தெரியும். சிமெண்டில் ஒரு சிக்கல். நிலக்கரியே போடாமல் சூளையை ஓட்டினாலும், சூடேறும் சுண்ணாம்புக்கல் கார்பன் டை ஆக்சைடை விடும். அதைப் பிடித்து, 800 மீட்டருக்கும் கீழே பாறைக்குள் அமுக்கிவிடலாம் என்கிறார்கள். நிதி ஆயோக் 2022 நவம்பரில் அறிக்கையே போட்டுவிட்டது. நம்ம மாவட்டம் பெரும்பாலும் கெட்டிப்பாறை, உள்ளே போகாது. துளை உள்ள பாறை இருப்பது காவிரிப் படுகையில். ஆக, புகை இங்கே... குழி திருவாரூர்க்காரர் வயலுக்கு அடியில்!

"அவ்வளவு ஆழத்தில் வைத்தால் உழுகிறவருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். அண்ணாச்சி, ஒன்றுக்கும் உதவாத இடம் என்றால் உங்களுக்கு எதற்கு?

அடிநிலம் பொதுவாக மேல்நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று 2013ல் நம் உச்ச நீதிமன்றமே ஒரு கேரள வழக்கில் சொன்னது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலம், அடியில் இருக்கும் துளைகளை எண்ணெய்க் கம்பெனிகள் காசு கொடுக்காமல் பயன்படுத்த 2019ல் சட்டம் போட்டது. 2022ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை வெட்டி எறிந்தது.

என் பயம் வேறு. இதற்கும் 1962ம் வருஷத்துக் குழாய்ச் சட்டத்தையே மாதிரியாக எடுத்துவிடுவார்களோ? அதில் நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய்க்கு மேலே வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதற்கு நஷ்டஈடு, சந்தை மதிப்பில் 10 சதவீதம்! கொங்கு மாவட்ட விவசாயிகள் கெயில் குழாயை எதிர்த்துக் கத்தினார்கள், 2013ல் மாநில அரசும் வேண்டாம் என்றது. 2016ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது கெயில்தான்.

பட்டாசு ஊர்க்காரனுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, ஷெட்டுக்கு ஷெட் எத்தனை மீட்டர், எல்லாம் லைசென்ஸில் உண்டு. அப்படி இருந்தும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பட்டாசாவது அந்த வருஷமே விற்றுத் தீர்ந்துவிடும். இந்த வாயு நூற்றுக்கணக்கான வருஷம் அடியிலேயே கிடக்க வேண்டும். கம்பெனி அத்தனை காலம் இருக்குமா? 2020ல் அமெரிக்காவின் சடார்ஷியாவில் இதே வாயுக் குழாய் வெடித்து 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பூமி சூடாவது பொய் என்று நான் சொல்லவில்லை. வாயுவைப் புதைக்கத்தான் வேண்டும் என்றால் புதையுங்கள். ஆனால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, வருஷா வருஷம் வாடகை கொடுத்து, கசிந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புதையுங்கள். கடைக்கு வெளியே திண்ணையில் மூட்டை இறக்கினாலே வாடகை கேட்கிற ஊர் சார் இது. வயலுக்கு அடியில் மட்டும் ஓசியா?