வழவழா கொழகொழாவும் 'வேக்' என்ற வார்த்தையும்

மக்களே, பொட்டி தட்டுற வேலையில இருக்கிறவங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'வேக்'ங்கற ஆங்கில வார்த்தையைக் கேட்கறீங்கன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. "ரிக்வயர்மென்ட் ரொம்ப வேக்." "க்ளையன்ட் மெயில் வேக்." "ஸ்க்ரீன்ஷாட் வேக்கா இருக்கு." "ஐ ஆம் எ லிட்டில் வேக்." பெயரடையா இருந்த வார்த்தை, நம்ம ஆபீஸ்கள்ல ஒரு திட்டு வார்த்தையா பதவி உயர்வு வாங்கிடுச்சு. புரியலைன்னா வேக். பிடிக்கலைன்னா வேக். நாலு பக்கம் படிக்கச் சோம்பலா இருந்தாலும் வேக்!

என் கட்சி இதுதான்: 'வேக்'னு சொல்றவர், எந்தச் சொல்லுக்கு எல்லை இல்லைன்னு விரல் வைத்துக் காட்டணும். காட்ட முடியலைன்னா அந்த வார்த்தையைத் தொடக்கூடாது.

ஏன்னா அதோட அர்த்தமே எல்லை சம்பந்தப்பட்டது. லத்தீனில் 'வாகுஸ்' என்றால் அலைந்து திரிகிற என்று பொருள். 'வேகபாண்ட்'னு நாடோடியைச் சொல்றோமே, அதுவும் இதே குடும்பம்தான். ஒரு இடத்துல நிற்காம அலையற அர்த்தம்தான் வேக். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1923-ல் இதைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். அதில் வழுக்கைத் தலையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். முடி ஒவ்வொண்ணா கொட்டுது. எத்தனையாவது முடி விழும்போது ஆள் வழுக்கை ஆகிறார்? கோடு கிழிக்கவே முடியாது. (இருபதுகளின் கடைசியில் இருக்கிற பொட்டி தட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம், ஹிஹி.)

நாம தப்பு பண்றதுக்குக் காரணம், 'தெளிவில்லாத'ங்கற ஒத்தைத் தமிழ்ச் சொல்லை மனசுல வெச்சுக்கிட்டு மொழிபெயர்க்கிறது. மங்கலான படமும் தெளிவில்லாதது, குழம்பின ஆளும் தெளிவில்லாதவர், ரெண்டு அர்த்தம் வர்ற வாக்கியமும் தெளிவில்லாதது. ஆங்கிலத்துல இதுக்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கு. மங்கின ஸ்க்ரீன்ஷாட் 'ப்ளர்ட்'. குழம்பினவர் 'கன்ஃப்யூஸ்ட்'. ஆளைக் குறிச்சு 'வேக்' போடலாம், ஆனா அர்த்தம் வேற. 'ஹி வாஸ் வேக் அபவுட் தி டேட்'னா, தேதியைக் கேட்டால் பட்டும் படாமலும் பதில் சொன்னார்னு அர்த்தம். அதனால மீட்டிங்ல எழுந்து 'ஐ ஆம் வேக்'னு சொன்னா, "நான் மழுப்புறேன்"னு நீங்களே வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி.

இதையெல்லாம் விடப் பெரிய குழப்பம் 'வேக்'குக்கும் 'ஆம்பிகுவஸ்'க்கும் நடுவுல. 03/04/2024னு ஒரு தேதி வருது. அது வேக் கிடையாது. ஏப்ரல் 3, இல்லேன்னா மார்ச் 4. ரெண்டுமே கூர்மையான அர்த்தங்கள்தான், எதுன்னுதான் தெரியலை. இது ஆம்பிகுவஸ். 'பக்கம் வேகமா திறக்கணும்'னு எழுதினா அது வேக். ஒரு விநாடியா, அஞ்சு விநாடியா, எங்கே போய் நிற்கும்னு கோடே இல்லை. நோய் வேறங்கறதால மருந்தும் வேற. முதலாவதுக்கு 'ரெண்டுல எது'ன்னு கேட்கணும். ரெண்டாவதுக்கு 'எவ்வளவு'ன்னு கேட்கணும். ரெண்டுக்கும் 'வேக்'னு பதில் அனுப்பினா, எதிர்ல இருக்கிறவர் எதைத் திருத்துவார் பாவம்? அதே ஆவணத்துல இன்னும் ரெண்டு பத்தி சேர்த்துத் திருப்பி அனுப்புவார். ஆணி ரெண்டு மடங்காகும்.

தமிழ்ல இந்த வித்தியாசம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. காளமேகம் வேணும்னே ரெண்டு அர்த்தம் வெச்சுப் பாடினா அது சிலேடை. ஆம்பிகுவிட்டியைக் கலையாவே ஆக்கி வெச்சிருக்கோம். வேக்குக்கு நம்ம வீட்டுப் பாட்டிகள் 'வழவழா கொழகொழா'ன்னு அழகா சொல்வாங்க, கையில பிடிக்க எதுவும் சிக்காதுன்னு. நன்னூல் அடுக்குகிற பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' என்று ஒன்று தனியாகவே உண்டு. சரக்கு இருக்கு, எடுக்கத்தான் மறந்துட்டோம்.

"சும்மா ஒரு பெயரடைக்கு இவ்வளவு சீன் தேவையா?"ன்னு கேட்பீங்க. இணையத்துல எழுதுறவங்களுக்குத் தேவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தத்தின் மூலம் 66ஏ என்ற பிரிவு நுழைந்தது. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தண்டனை மூன்று வருஷம் வரை சிறை. எதுக்கு? 'மிகவும் புண்படுத்துகிற', 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்கிற ரகச் சொற்கள் அதில் இருந்தன. ஒண்ணுக்கும் வரையறை கிடையாது. யாருக்கு எரிச்சல்? எவ்வளவு எரிச்சல்? வழுக்கைத் தலை கதைதான். 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவர் கைதானார். அடுத்த மாதமே மகாராஷ்டிராவில் பால்கர் ஊரில், ஃபேஸ்புக்கில் எழுதின ஒரு பெண்ணும், அதுக்கு லைக் போட்ட தோழியும் கைதானாங்க. லைக்குக்குக் கைது சாமி!

ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குப் போட்டார். 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. பேச்சுரிமைக்கு எதிரானதுங்கறதோட, சொற்கள் வேக் என்பதும் முக்கியமான காரணம். கவனிங்க, நீதிபதிகள் 'சட்டம் வேக்'னு மொட்டையா திட்டிட்டுப் போகலை. எந்தெந்தச் சொல்லுக்கு எல்லை இல்லைன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினாங்க. இந்த வார்த்தையைச் சரியாப் பயன்படுத்துறதுன்னா அதுதான். ரத்தான பிறகும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கிட்டே இருந்ததால், 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. எல்லை இல்லாத ஒரு சொல்லை அதிகாரத்தின் கையில் கொடுத்தால் திரும்ப வாங்குறது அவ்வளவு கஷ்டம்.

வேக் எல்லாமே கெட்டதுன்னும் சொல்ல வரலை. 'ஐ வேக்லி ரிமெம்பர்'னு சொல்றது நேர்மை. நினைவே மங்கலா இருக்கும்போது துல்லியமா சொன்னாத்தான் பொய். 'ஐ ஹாவ் எ வேக் ஐடியா'வும் அப்படித்தான். தன் அறிவோட எல்லையைச் சொல்ல அருமையான சொல். அடுத்தவர் எழுத்தைத் தட்டிவிட அதையே தடியா எடுக்கறதுதான் தப்பு.

ஆகவே மக்களே, அடுத்த தடவை அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தா ஒரே ஒரு சோதனை. எந்தச் சொல்? எந்தக் கோடு? ரெண்டுக்கும் பதில் இருந்தா தாராளமா 'வேக்'னு எழுதுங்க. இல்லேன்னா "எனக்குப் புரியலை"ன்னு தமிழ்லயே சொல்லிடலாம். அது வேக்கே கிடையாது, படு தெளிவு :-)