முதியவர்க்கு ஒரு கைப்பிடி

நாற்பது வருஷம் கடலில் கட்டுமரம் செலுத்தியவர் தம் வீட்டு வாசற்படியில் சறுக்கி விழுந்து படுத்த படுக்கையானார் என்றால், கேட்பவர்களுக்கு விபரீதமாகத் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு அபூர்வமானதல்ல. கீழே விழுவதனால் மட்டும் உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கணக்குச் சொல்லிற்று. இவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள மீனவர் குப்பங்களை நினைத்தே இதை எழுதுகிறோம். 1613-ல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய இடம் அது. கோட்டை பாழாகிவிட்டது, வலை வீசிப் பிழைக்கும் ஜனங்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு புறம் கடல், மறு புறம் உப்பேரி. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்ததை அவர்கள் மறக்கவில்லை. ஆகையால் வீட்டின் தரையை உயர்த்திக் கட்டவேண்டும் என்பது அங்கே முதற்பாடம். சரியான பாடமே. ஆனால் தரை உயர்ந்தால் படியும் உயருகிறது. இடமோ குறுகல், படி செங்குத்தாகிறது, பிடித்துக் கொள்ள ஒன்றுமில்லை. வெள்ளத்தை உள்ளே விடாத படி, பாட்டியை வெளியே விடாத படியாகவும் ஆகிவிடுகிறது.

கழிப்பறையின் கதை இன்னும் மோசம். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் மணற்பாங்கில் அதையும் மேடாக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. ஏறினால் குந்தி உட்கார வேண்டும். முழங்கால் மடங்காதவர் என்ன செய்வார்? இரவில் எழுந்து போக அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் முதியவர்கள் அநேகர். உஷ்ணம் மிகுந்த கடற்கரையில் இது தேகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பட்டணத்திலிருக்கும் பிள்ளையிடம் அனுப்பிவிடலாமே!" என்று சிலர் கேட்கலாம். குப்பத்தில் கிழவர் சும்மா இருப்பதில்லை. நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்கிறார். கிழவி இறாலைத் தரம் பிரிக்கிறாள். பேரக் குழந்தையைப் பார்த்துக் கொள்கிறாள். ஏரியில் யார், எங்கே, எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற பழைய வழக்கத்தின் நுணுக்கங்களை முதியவர்களிடந்தான் கேட்டறிய வேண்டும். பட்டணத்து மாடியறையில் இவர்களுக்கு வேலையுமில்லை, பேச்சுத் துணையுமில்லை. ஆளை இடம் மாற்றுவதைவிட வீட்டைச் சிறிது மாற்றுவது மேல்.

என்ன மாற்ற வேண்டும்? சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டுமென்பது விதி. குப்பத்தில் அவ்வளவு முற்றம் யாருக்கு இருக்கிறது? எனவே படியையே தாழ்த்துவோம். ஒவ்வொரு படியும் அரையடிக்கு மேல் உயராமல், பாதம் முழுதும் பதிய ஓரடி அகலம் இருக்கட்டும். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்துவிடும். துருவேறிய கைப்பிடி நம்பினவரைக் கைவிடும். கரையோரத்தில் வளரும் சவுக்குக் கழி போதும். மண்ணில் புதையும் அடிப்பாகத்துக்குத் தார் பூச வேண்டும். படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டினால் மங்கலான கண்ணுக்கும் தெரியும்.

கழிப்பறையில் உட்காருவதற்கு உயரமான பீடம், சுவரில் உறுதியான பிடி, வெளிப்புறமாகத் திறக்கும் கதவு ஆகிய மூன்றும் அவசியம். உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக் கொள்ளும். உதவிக்கு வருபவர் வெளியே நிற்க வேண்டியதுதான். படுக்க முழங்கால் உயரக் கட்டில், வழியில் இராவிளக்கு, நடைபாதையில் வலையும் கயிறும் கிடவாத ஒழுங்கு — இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம், கவனந்தான் வேண்டும்.

2030-க்குள் 8 லக்ஷம் வீடுகள் கட்டித் தருவதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. 360 சதுர அடி வீடொன்றுக்கு 3,50,000 ரூபாய். கட்டும்போதே படியைத் தாழ்த்தி இரண்டு கைப்பிடிகளும் வைத்துவிட்டால், பிற்பாடு இடித்துக் கட்டும் செலவு மிச்சமாகும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து கொண்டு வருகிறார்கள். வருகிறவர்கள் மருந்தைக் கொடுப்பதோடு படியையும் ஒரு பார்வை பார்த்து, ஆபத்தைச் சொல்லிவிட்டுப் போனால் எவ்வளவோ நன்மை.

பெற்றோரைக் காப்பது பிள்ளைகள் கடமை என்று 2007-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் சோறு போடச் சொல்லும். சவுக்குக் கழி நடாது. அதை நாம்தான் நட வேண்டும். இந்த வார்த்தைகளைப் படிக்கும் நேயர்கள் இன்றைக்கே தங்கள் வீட்டு வாசற்படியில், கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு தடவை இறங்கிப் பார்க்கட்டும். கை எந்த இடத்தில் பிடிமானம் தேடுகிறதோ, கழியை அங்கே நட வேண்டும்.